ரீமாடல்: டொமினியன் பெட்டியில் தூங்கிக் கிடக்கும் நாலு காசுச் சீட்டு

டொமினியனை முதன்முறை ஆடுகிறவர்களுக்கென்று விதிப்புத்தகமே பத்து சீட்டுகளைப் பரிந்துரைக்கிறது. இரண்டாம் பதிப்பில் அவை: செல்லர், மோட், மெர்ச்சன்ட், வில்லேஜ், வொர்க்‌ஷாப், மிலீஷியா, ரீமாடல், ஸ்மிதி, மார்க்கெட், மைன். புதியவர்கள் ஆடி முடித்த மேசையைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஸ்மிதி பாதி கரைந்திருக்கும், மார்க்கெட் ஏறக்குறைய காலி, மைனை ஆளுக்கொன்று வாங்கியிருப்பார்கள். ரீமாடல் அடுக்கில் மட்டும் யாரும் கை வைத்த அடையாளமே இருக்காது. அந்தப் பத்தில் எஸ்டேட்டை (தொடக்கத்திலேயே எல்லார் கட்டிலும் இருக்கும், காசு தராத புள்ளிச் சீட்டு) ஒழித்துக்கட்டத் தெரிந்த சீட்டு அது ஒன்றுதான் என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக: டொனால்ட் எக்ஸ் வாக்கரினோ வடிவமைத்து ரியோ கிராண்டே கேம்ஸ் 2008-ல் வெளியிட்ட ஆட்டம். 2009-ல் ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருது பெற்றது. ‘டெக் பில்டிங்’ (ஆடிக்கொண்டே சீட்டுகளை வாங்கிச் சேர்த்துத் தன் கட்டை அமைப்பது) என்று இன்று தனி வகையாகப் பேசப்படுவதற்கு இதுதான் தொடக்கப்புள்ளி. 500 சீட்டுகள், 2 முதல் 4 பேர் வரை ஆடலாம். 2016-ல் வந்த இரண்டாம் பதிப்பு ஆறு வகைச் சீட்டுகளை நீக்கி ஏழு புதியவற்றைச் சேர்த்தது. ரீமாடல் இரண்டு பதிப்பிலும் உண்டு. வேலையில் மாற்றம் எதுவும் இல்லை. பெட்டியை அலசிய விமர்சனங்கள் நிறைய இருப்பதால், இங்கே அந்த ஒரு சீட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

விலை 4. கையிலிருந்து ஒரு சீட்டைக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். அதன் விலையை விட 2 வரை கூடுதல் விலையுள்ள ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். கூடுதல் ஆக்‌ஷன் தராது, சீட்டு இழுக்காது, காசு தராது. (ஒரு முறையில் சாதாரணமாக ஓர் ஆக்‌ஷன் சீட்டைத்தான் இறக்க முடியும்.) புதியவர்கள் இதை ஒதுக்குவதற்குக் காரணம் இங்கேயே இருக்கிறது. ஸ்மிதியை இறக்கினால் மூன்று சீட்டு கைக்கு வருவது கண்ணுக்குத் தெரிகிறது. ரீமாடலை இறக்கினால் கையில் ஒன்று குறைகிறது. கிடைத்த சீட்டோ கழித்த குவியலுக்குப் போய்விடுகிறது. லாபம் அடுத்த கலைப்புக்குப் பிறகுதான் கண்ணில் படும்.

இந்தச் சின்ன வாசகத்துக்குள் சில நுணுக்கங்கள் உண்டு. சண்டை வருவதும் இவற்றில்தான்.

‘2 வரை’ என்றால் சரியாக 2 அல்ல. அதே விலையுள்ளதை எடுக்கலாம், குறைந்த விலையுள்ளதையும் எடுக்கலாம். ப்ராவின்ஸை (6 புள்ளி தரும் பெரிய சீட்டு) குப்பையில் போட்டு இன்னொரு ப்ராவின்ஸ் எடுப்பது முழுக்கச் செல்லும். அது எதற்கு என்பது பிறகு. கையில் சீட்டு இருந்தால் ஒன்றைக் குப்பையில் போட்டே ஆக வேண்டும். அதேபோல், எடுக்கக்கூடியது எதுவும் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். காப்பரை (மிகச் சிறிய காசுச் சீட்டு) குப்பையில் போட்டுவிட்டு ‘எனக்கு எதுவும் வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. 2 காசுச் சீட்டு, இல்லையென்றால் இன்னொரு காப்பர், அதுவும் வேண்டாமென்றால் புள்ளியைக் குறைக்கும் கர்ஸ். ஆகவே ரீமாடல் கட்டை மெலிய வைக்காது. ஒன்று போனால் ஒன்று வரும், எண்ணிக்கை மாறாது. சீட்டுகளை வெறுமனே ஒழிக்கும் சாப்பல் செய்கிற வேலையை இதனிடம் எதிர்பார்த்து வாங்குகிறவர்கள்தான் ‘இது உதவாது’ என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள்.

இறக்கிய ரீமாடல் தன்னையே தின்ன முடியாது. அது மேசையில் இருக்கிறது, கையில் இல்லை. கையில் இருக்கும் இரண்டாவது ரீமாடலைத் தின்னலாம். எடுக்கும் சீட்டுக்கு ‘வாங்குதல்’ (ஒரு முறைக்கு உள்ள வாங்கும் உரிமை) செலவாகாது. கடைசியாக, குப்பைக்குப் போன கோல்டு அந்த முறையில் 3 காசு தராது. இதை மறந்துவிட்டு வாங்கும் கட்டத்தில் அந்த 3-ஐயும் சேர்த்து எண்ணுவதுதான் புது ஆட்டக்காரர்களிடம் அதிகம் நடக்கும் தவறு. எதிரே இருப்பவர் ரீமாடல் இறக்கினால் அவர் காசை நீங்களும் ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

இரட்டைப்படை ஏணி

அடிப்படைச் சீட்டுகளின் விலையை வரிசையாக வையுங்கள்: காப்பர் 0, எஸ்டேட் 2, சில்வர் 3, டச்சி 5, கோல்டு 6, ப்ராவின்ஸ் 8. (காப்பர், சில்வர், கோல்டு காசு தருபவை; மற்ற மூன்றும் புள்ளி தருபவை.) ரீமாடலின் படி உயரம் 2. எஸ்டேட் (2) ஒரு 4 காசுச் சீட்டாகிறது; 4 காசுச் சீட்டு கோல்டாகிறது (6); கோல்டு ப்ராவின்ஸாகிறது (8). ஆட்டத் தொடக்கத்தில் எல்லார் கட்டிலும் சுமையாகக் கிடக்கும் எஸ்டேட், ஒரு காசு செலவில்லாமல் மூன்றே படியில் ப்ராவின்ஸ் ஆகிறது. ஒரு படியிலும் விலை வீணாவதில்லை.

ஒற்றைப்படை ஏணி அவ்வளவு சுத்தமில்லை. சில்வர் (3) ஒரு 5 காசுச் சீட்டாகும், அது நல்ல படி. அடிப்படைப் பெட்டியில் 7 காசுச் சீட்டு கிடையாது. அதனால் 5-லிருந்து 6-க்குத்தான் ஏற முடியும். ஒரு காசு வீண். ஆகவே சில்வரை மார்க்கெட், லேபரட்டரி, விட்ச் என்று மாற்றலாம், ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டும். மார்க்கெட்டைக் கோல்டாக்குவதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பர் ஏணியில் சேர்த்தியில்லை. காப்பரைக் கொடுத்து எஸ்டேட் எடுப்பது ஆட்டத்தின் கடைசி முறையில் மட்டும் அர்த்தமுள்ளது. செல்லர் மேசையில் இருந்தால் காப்பருக்குப் பதில் செல்லர் எடுப்பது மோசமில்லை என்றாலும், அதற்காக ஓர் ஆக்‌ஷனைச் செலவழிப்பது பெரும்பாலும் நட்டம்.

தொடக்கம்

7 காப்பரும் 3 எஸ்டேட்டுமாகத் தொடங்கும் கட்டில், முதல் இரண்டு முறையில் காசு 4-3 என்றோ 3-4 என்றோ பிரியும் வாய்ப்பு ஆறில் ஐந்து. மிச்சம் ஒரு பங்கு 5-2. நாலு வந்த முறையில் ரீமாடல், மூன்று வந்த முறையில் சில்வர். இப்போது கட்டில் 12 சீட்டு. அடுத்த இரண்டு முறையில் பத்தைப் பார்த்துவிடுவீர்கள் என்பதால் ரீமாடல் கைக்கு வரும் வாய்ப்பும் ஆறில் ஐந்துதான். அது வரும்போது கூடவே ஓர் எஸ்டேட்டாவது வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 79 சதவீதம். ஆக, முதல் கடியிலேயே எஸ்டேட் கிடைப்பது பெரும்பாலும் உறுதி.

கைக்கு ரீமாடல், எஸ்டேட், மூன்று காப்பர் வந்தால்: எஸ்டேட் போகிறது, 4 காசுச் சீட்டு வருகிறது, மூன்று காப்பருக்குச் சில்வர் வாங்குகிறோம். ஒரே முறையில் ஒரு சுமை குறைந்து இரண்டு நல்ல சீட்டு சேர்ந்துவிட்டது. அந்த 4 காசுச் சீட்டு எதுவாக இருக்க வேண்டும்? இங்கேதான் ஆட்டக்காரரின் தரம் தெரியும். முதல் ஆட்டப் பத்தில் மிலீஷியா, ஸ்மிதி, இரண்டாவது ரீமாடல் மூன்றும் போட்டியில் இருக்கின்றன. எதிராளி இன்னும் மிலீஷியா வாங்கவில்லை என்றால் மிலீஷியாதான் முதலில். 2 காசும் தரும், எதிராளியின் கையை மூன்றாகவும் குறைக்கும். கூடுதல் ஆக்‌ஷன் தரும் வில்லேஜ் வாங்கும் எண்ணம் இருந்தால் ஸ்மிதி. இரண்டாவது ரீமாடலை இந்தக் கட்டத்திலேயே எடுப்பது கொஞ்சம் அவசரம். எஸ்டேட் இனி இரண்டுதான் இருக்கிறது. இரண்டு வாய்க்கு அது போதாது.

5-2 பிரிந்தால் ரீமாடலை மறந்துவிட்டு மார்க்கெட் வாங்கிவிடலாம். பிறகு நாலு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்டேட் தீர்ந்த பிறகு வரும் இடைவெளிதான் ரீமாடலின் மந்தமான காலம். கையில் காப்பரும் சில்வரும் மட்டும் இருக்கும்போது அதை இறக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சும்மா கிடக்கட்டும். ‘ஆக்‌ஷன் வீணாகிறதே’ என்று சில்வரை டச்சியாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அரை ஆட்டத்தில் அப்படிச் செய்தால் கட்டு அடைத்துக்கொள்ளும். இந்தக் காலத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியது, வேலை முடிந்த 3, 4 காசுச் சீட்டுகளை மேலே ஏற்றுவது. வொர்க்‌ஷாப் வாங்கியிருந்தால் அது இரண்டு மூன்று முறை 4 காசுச் சீட்டு சேர்த்துக் கொடுத்த பிறகு, அதையே மார்க்கெட்டாக்கிவிடலாம். ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் ஸ்மிதிகளில் ஒன்றைக் கோல்டாக்கலாம்.

இரண்டு சீட்டில் ஒரு ப்ராவின்ஸ்

ஐந்து சீட்டுக் கையில் 8 காசு வர வேண்டுமென்றால் சீட்டுக்குச் சராசரி 1.6 காசு தேவை. டொமினியனின் பாதிக் கஷ்டம் இந்த 1.6-ஐ எட்டுவதும், ப்ராவின்ஸ்கள் சேரச் சேர அதைக் காப்பாற்றுவதும்தான். ரீமாடல் இந்தக் கணக்கையே சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ரீமாடலும் ஒரு கோல்டும் கையில் இருந்தால் போதும், ப்ராவின்ஸ் உங்களுடையது. மற்ற மூன்று சீட்டு எஸ்டேட்டாக இருந்தாலும் கவலையில்லை.

மிலீஷியா மேசையில் இருக்கும்போது இதன் மதிப்பு இரட்டிப்பாகிறது. மூன்று சீட்டாகக் குறைக்கப்பட்ட கையில் 8 காசு சேர்க்க மூன்றும் கிட்டத்தட்ட கோல்டாக இருக்க வேண்டும். ரீமாடல்காரருக்கு இரண்டு சீட்டு போதும். மூன்றாவது அவருக்கு உபரி. மிலீஷியாவை நம்பி ஆடும் எதிராளியை இந்த ஒரு விஷயமே உலுக்கிவிடும்.

எத்தனை ரீமாடல் வேண்டும்? ஒன்றா இரண்டா என்பதில் பலருக்கும் குழப்பம். 15 சீட்டுக் கட்டில் 4 கோல்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ரீமாடல் இருந்தால், ஐந்து சீட்டுக் கையில் அதுவும் ஒரு கோல்டாவதும் சேர்ந்து வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். இரண்டு ரீமாடல் இருந்தால் 46 சதவீதம். இரண்டு ரீமாடலும் ஒரே கையில் வந்து முட்டும் வாய்ப்பு 9.5 சதவீதம்தான். அப்படி முட்டினாலும் பெரிய நட்டமில்லை: ஒன்று மற்றதைத் தின்று கோல்டாக்கிவிடும். ஸ்மிதி முட்டினால் ஒன்று செத்த சீட்டு, மிலீஷியா முட்டினாலும் அப்படியே. தன் நெரிசலைத் தானே தீர்த்துக்கொள்ளும் ஆக்‌ஷன் சீட்டு இந்தப் பெட்டியில் அரிது. ஆகவே எங்கள் பரிந்துரை இரண்டு. எப்போது எடுப்பது என்றால், முதல் கோல்டு கட்டுக்குள் வந்த பிறகு. மூன்றாவது வேண்டாம், வில்லேஜ் நிறைய இருந்தால் தவிர.

செல்லர் இருந்தால் சேர்க்கை இன்னும் எளிது. ரீமாடல் கையில் இருக்கிறது, கோல்டு இல்லை. செல்லரை இறக்கி மற்றவற்றைக் கழித்துப் புதிதாக இழுக்கலாம். செல்லர் ஓர் ஆக்‌ஷனைத் திருப்பித் தருவதால் ரீமாடலுக்கு இடம் மிச்சமிருக்கும். வில்லேஜ், ஸ்மிதி, ரீமாடல் மூன்றும் ஒரே கையில் வந்தால் அது தனி விருந்து. வில்லேஜ் ஒன்று இழுக்கும், ஸ்மிதி மூன்று இழுக்கும்; ரீமாடலுக்கு முன்னால் ஆறு சீட்டு விரிந்திருக்கும், எதைத் தின்பது என்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். வரிசை முக்கியம். ரீமாடல் எப்போதும் கடைசி.

கோல்டை எப்போது கொடுப்பது?

இதுதான் இந்தச் சீட்டின் கடினமான கேள்வி, இதில் சறுக்குகிறவர்கள் நன்றாக ஆடுகிறவர்களிலும் உண்டு. இப்படி ஒரு கை: ரீமாடல், கோல்டு, சில்வர், காப்பர், எஸ்டேட். மொத்தம் 6 காசு. இரண்டு வழி இருக்கிறது. எஸ்டேட்டை 4 காசுச் சீட்டாக்கிவிட்டு 6 காசுக்குக் கோல்டு வாங்கலாம். அல்லது கோல்டை ப்ராவின்ஸாக்கிவிட்டு மிச்சம் 3 காசுக்குச் சில்வர் வாங்கலாம். முதலாவது கட்டை வளர்க்கிறது. இரண்டாவது புள்ளி சேர்க்கிறது, ஆனால் கட்டிலிருந்து 3 காசைப் பிடுங்குகிறது. கூடவே ஒரு செத்த சீட்டையும் செருகுகிறது.

தீர்மானிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: அந்தக் கோல்டு ஆட்டம் முடிவதற்குள் இன்னும் எத்தனை முறை கைக்கு வரும்? 20 சீட்டுக் கட்டு என்றால், இழுப்பு இல்லாமல் நான்கு முறைக்கு ஒரு சுற்று. ஆட்டம் இன்னும் எட்டு முறை ஓடும் என்று தோன்றினால் அந்தக் கோல்டு இரண்டு தடவை வேலை செய்யும்; வைத்துக்கொள்ளுங்கள். நான்கு முறைதான் மிச்சம் என்றால் அது வந்தால் ஒரு தடவை, வராமலும் போகலாம், ப்ராவின்ஸாக்கிவிடுங்கள். ப்ராவின்ஸ் அடுக்கு காலியானால் ஆட்டம் முடியும்; இருவர் ஆட்டத்தில் அதில் 8. அடுக்கில் ஏழோ எட்டோ இருக்கும்வரை எஸ்டேட்டையும் 4 காசுச் சீட்டையும் மட்டும் ஊட்டுங்கள். ஐந்துக்கோ நாலுக்கோ இறங்கியதும் கோல்டுக்கு மாறுங்கள். மூவர், நால்வர் ஆட்டத்தில் அடுக்கு 12. ஆனால் எடுக்கும் கைகளும் கூடுதல். அங்கே எண்ணிக்கையைப் பார்ப்பதை விட மற்றவர்கள் வாங்கும் வேகத்தைப் பார்ப்பது நல்லது.

9 காசுக் கை ஒரு வேடிக்கையான பொறி. ரீமாடல், கோல்டு, கோல்டு, சில்வர், காப்பர். கோல்டை ப்ராவின்ஸாக்கி, மிச்சம் 6 காசுக்குக் கோல்டு வாங்கினால் சாமர்த்தியமாகத் தெரியும். கணக்குப் போட்டால் ஒரு கோல்டு போய் ஒரு கோல்டு வந்திருக்கிறது, ஒரு ப்ராவின்ஸ் சேர்ந்திருக்கிறது. ரீமாடலைத் தொடாமல் நேராக 8 காசுக்கு ப்ராவின்ஸ் வாங்கினாலும் இதே முடிவுதான். நடு ஆட்டத்தில் இந்தக் கைக்குச் சரியான ஆட்டம், காப்பரை ஊட்டிவிட்டு மிச்சம் 8 காசுக்கு ப்ராவின்ஸ் வாங்குவது. செல்லர் வேண்டுமென்றால் அதை எடுக்கலாம். வேண்டாமென்றால் ரீமாடலை இறக்கவே தேவையில்லை.

அதே கையில் காப்பருக்குப் பதில் இன்னொரு கோல்டு இருந்தால் கதை வேறு. ரீமாடல், மூன்று கோல்டு, ஒரு சில்வர்: 11 காசு. ஒரு கோல்டு ப்ராவின்ஸாகிறது. மிச்சம் இரண்டு கோல்டும் சில்வரும் சேர்ந்து சரியாக 8, இன்னொரு ப்ராவின்ஸ். கூடுதல் ‘வாங்குதல்’ எதுவும் இல்லாமல் ஒரே முறையில் 12 புள்ளி. சாதாரணமாக இதற்கு 16 காசும் இரண்டு வாங்குதலும் வேண்டும்.

ஓர் ஆக்‌ஷன் சீட்டை இரண்டு தடவை இயக்கும் த்ரோன் ரூம் இருக்கும் மேசையில் இன்னும் குறைவான சீட்டில் அதே பலன். த்ரோன் ரூம், ரீமாடல், இரண்டு கோல்டு: இரண்டும் ப்ராவின்ஸாகிவிடும், ஐந்தாவது சீட்டு எதுவானாலும் சரி. முதல் தடவை எடுத்தது கழித்த குவியலுக்குப் போய்விடுவதால் அதையே இரண்டாம் தடவை ஊட்டி இரண்டு படி ஏற்ற முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பேண்டிட் இறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோல்டைச் சும்மா தருகிறது. ரீமாடலுக்கு அதைவிடப் பொருத்தமான தீனி கிடையாது. இரண்டும் ஆக்‌ஷனைத் திருப்பித் தராதவை, அதனால் ஒரு வில்லேஜோ ஃபெஸ்டிவலோ இடையில் இருப்பது நல்லது.

கடைசிச் சுற்றில்

ரீமாடலைக் கண்டுகொள்ளாதவர்கள் தோற்பது இங்கேதான்.

முதலில் ப்ராவின்ஸ் எரிப்பு. இருவர் ஆட்டம். உங்களிடம் 4 ப்ராவின்ஸ், எதிராளியிடம் 3, அடுக்கில் 1. உங்கள் கை: ரீமாடல், ப்ராவின்ஸ், சில்வர், இரண்டு காப்பர். 4 காசுதான். ரீமாடல் இல்லாத ஆட்டக்காரர் இங்கே ஓர் எஸ்டேட் வாங்கிவிட்டு எதிராளி 8 காசு எடுக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் கையிலிருக்கும் ப்ராவின்ஸைக் குப்பையில் போட்டு அடுக்கிலிருக்கும் கடைசி ப்ராவின்ஸை எடுங்கள். உங்கள் புள்ளி மாறவில்லை, அடுக்கு காலி, ஆட்டம் முடிந்தது. குப்பைக்குப் போன சீட்டு அடுக்குக்குத் திரும்பாது. இதைச் செய்வதற்கு முன் இருவரின் டச்சி, எஸ்டேட், கர்ஸ் எல்லாவற்றையும் எண்ணிவிடுங்கள். 6 புள்ளி முன்னிலை என்று நினைத்து முடித்துவிட்டு எதிராளி மூன்று டச்சியை விரித்தால் பரிதாபமாக இருக்கும்.

முன்னிலையில் இருப்பவர் இதை அடுக்கில் இரண்டு மூன்று இருக்கும்போதே தொடங்கலாம். ரீமாடல், ப்ராவின்ஸ், இரண்டு கோல்டு, ஒரு சில்வர் என்ற கையில் ப்ராவின்ஸை ப்ராவின்ஸாக மாற்றி, 8 காசுக்கு இன்னொன்றும் வாங்கினால் ஒரே முறையில் அடுக்கு இரண்டு இறங்குகிறது. பின்னால் இருப்பவருக்கு மூச்சு விட நேரமில்லை. பின்னால் இருப்பவர் இதைச் செய்யவே கூடாது. தன் தோல்வியைத் தானே விரைவுபடுத்துவது அது.

அடுத்தது எதிராளியிடம் ரீமாடல் இருக்கும்போது காக்க வேண்டிய எச்சரிக்கை. ‘அடுக்கில் இரண்டு ப்ராவின்ஸ் இருக்கும்போது யோசிக்காமல் ஒன்றை எடுக்காதே, கடைசியை எதிராளி எடுத்து முடித்துவிடுவார்’ என்பது டொமினியன் ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. எதிராளியின் கட்டில் ரீமாடல் இருந்தால் இந்தக் கட்டுப்பாடு மூன்றிலேயே தொடங்குகிறது. உங்களிடம் 3, அவரிடம் 2, அடுக்கில் 3 என்று வையுங்கள். நீங்கள் ஒன்றை எடுத்தால் 4-2, அடுக்கில் 2. அவர் கையில் ரீமாடலும் 11 காசும் வந்தால் இரண்டையும் ஒரே முறையில் எடுத்து 4-4 என்று முடித்துவிடுவார். டச்சி யாரிடம் அதிகம் என்பதில் ஆட்டம் தீரும். எல்லாம் சமமானால் குறைந்த முறை ஆடியவருக்கே வெற்றி என்பதையும் கணக்கில் சேருங்கள். அவர் டச்சியில் முன்னால் இருந்தால், அடுக்கில் மூன்று இருக்கும்போது ப்ராவின்ஸுக்குப் பதில் டச்சி வாங்குவது சில நேரம் பாதுகாப்பு.

கடைசி முறை இது என்று தெரிந்துவிட்டால் ரீமாடல் வெறும் புள்ளி இயந்திரம். கோல்டு கொடுத்தால் ப்ராவின்ஸ், 6 புள்ளி. சில்வரோ 3, 4, 5 காசு ஆக்‌ஷன் சீட்டோ கொடுத்தால் டச்சி, 3 புள்ளி. கர்ஸ் கொடுத்தால் எஸ்டேட். கழிவு 1 நீங்கி 1 சேர்வதால் 2 புள்ளி. காப்பர் கொடுத்தால் எஸ்டேட், 1 புள்ளி. மேலே பொறி என்று சொன்ன அந்த 9 காசுக் கை, கடைசி முறையில் அசல் புதையல்: கோல்டு ப்ராவின்ஸாகிறது, மிச்சம் 6 காசுக்கு டச்சி, மொத்தம் 9 புள்ளி. நேராக வாங்கியிருந்தால் 6. கையில் 5 காசு மட்டும் இருந்தாலும் பலன் உண்டு. ரீமாடல், கோல்டு, இரண்டு காப்பர், எஸ்டேட்: கோல்டு ப்ராவின்ஸாகிறது, இரண்டு காப்பருக்கு ஓர் எஸ்டேட், 7 புள்ளி. ரீமாடல் இல்லாதவருக்கு இந்தக் கையில் டச்சிதான், 3 புள்ளி.

எங்கே வாங்கக் கூடாது

சாப்பல் இருக்கும் மேசையில் தொடக்கத்தில் ரீமாடல் வேண்டாம். சாப்பல் ஒரே இறக்கில் நாலு சீட்டு வரை ஒழிக்கும். எஸ்டேட் மூன்றையும் அது விழுங்கிவிட்ட பிறகு ரீமாடலுக்கு முதல் படியே இல்லை. ஆனால் சாப்பலால் மெலிந்த கட்டில் கோல்டு அடிக்கடி வரும் என்பதால் நடு ஆட்டத்தில் ஒன்று வாங்குவது தவறில்லை. மனிலெண்டர் அப்படியல்ல, அது காப்பரைத் தின்னும், இது எஸ்டேட்டைத் தின்னும், இரண்டும் பங்கு பிரித்துக்கொள்ளும்.

கார்டன்ஸை நம்பி ஆடினால் ரீமாடல் எதிரி. பத்து சீட்டுக்கு ஒரு புள்ளி என்பது கார்டன்ஸின் கணக்கு, ரீமாடலோ எண்ணிக்கையை ஏற்றாது. எதிராளிக்குக் கர்ஸ் கொடுக்கும் விட்ச் சண்டையில் கர்ஸைத் தின்ன இது உதவும் என்றாலும் ஒரு தடவைக்கு ஒன்றுதான், அதற்கும் பதிலாக வருவது எஸ்டேட்டோ மோட்டோ. அங்கே முதலில் வாங்க வேண்டியது விட்ச்தான்.

வேறு ஆக்‌ஷனே இல்லாமல் காசுச் சீட்டுகளோடு ஒரே ஒரு வகையை வைத்து ஓடுவதென்றால் ஸ்மிதி இதை முந்தும். ரீமாடலின் பலம் கூட்டணியில் இருக்கிறது. மைனோடு ஒப்பிட்டால் எங்கள் ஓட்டு ரீமாடலுக்கே. மைன் 5 காசு. காசுச் சீட்டை மட்டும் ஏற்றும், புதியதைக் கைக்கே தரும், ஆனால் கோல்டோடு நின்றுவிடும். கடைசி மூன்று முறையில் மைன் வெறும் காகிதம்.

ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுக்கலாம். சாப்பல் மேசையில் மூன்று.

விரிவாக்கப் பெட்டிகள் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ப்ராஸ்பரிட்டியில் (2010) பிளாட்டினம் 9 காசு, காலனி 11 காசு, 10 புள்ளி. ரீமாடலின் படி அங்கேயும் அச்சாகப் பொருந்துகிறது. அதே பெட்டியில் பெட்லர் என்ற சீட்டின் விலை 8. வாங்கும் கட்டத்தில் மட்டும், இறக்கியிருக்கும் ஒவ்வோர் ஆக்‌ஷன் சீட்டுக்கும் 2 குறையும். நாலு ஆக்‌ஷன் இறக்கியிருந்தால் காசே இல்லாமல் வாங்கலாம். ஆக்‌ஷன் கட்டத்தில் அதன் விலை மறுபடி 8. ஆகவே ரீமாடலுக்கு ஊட்டினால் நேராக ப்ராவின்ஸ். டார்க் ஏஜஸில் (2012) ஃபோர்ட்ரெஸ் இருக்கிறது: விலை 4, குப்பைக்குப் போட்டால் கைக்கே திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு ரீமாடலும் ஒரு கோல்டு தரும், இழப்பு எதுவும் இல்லை. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று மேசையில் இருந்தால் ரீமாடல் அடுக்கு பாதி ஆட்டத்துக்குள் காலியாகிவிடும். மூன்று அடுக்கு காலியானாலும் ஆட்டம் முடியும் என்பதால் அங்கே ப்ராவின்ஸை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் பதிப்புப் பெட்டி கைவசம் இருப்பவர்கள் ரீமாடலுக்காகப் புதுப் பெட்டி வாங்கத் தேவையில்லை. பேண்டிட், மெர்ச்சன்ட் போன்ற புதியவை மட்டும் அதில் இருக்காது. இரண்டாம் பதிப்பின் ஏழு புதிய வகைகள் தனிப் பொதியாகவும் வந்திருக்கின்றன.